பழுதான டிரோனும் திருக்கடையூர்ப் பயணமும்: வாசகியின் கேள்விக்கு வழக்கறிஞரின் பதில்

சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதிருக்கும் பொருட்டுச் சில விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வாசகியின் தந்தைக்கு இந்த ஆண்டு 80 வயது நிறைகிறது. டிசம்பர் பள்ளி விடுமுறையில் பெற்றோரை அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு திருக்கடையூர் சென்று சதாபிஷேகம் நடத்துவதென்று அக்கா, தம்பி, இவர் மூவரும் முடிவு செய்திருக்கிறார்கள். விழாவை வானிலிருந்து படம்பிடிக்கும் ஆசையில் மூவரும் பணம் போட்டு, ஜூலை 12ஆம் தேதி இங்குள்ள ஒரு கடையில் கூடுதல் பேட்டரிகளோடு ஒரு சிறிய டிரோனை 1,480 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கினார்கள். பணம் செலுத்தியது தம்பியின் கடன் அட்டையில். ரசீதும் அவர் பெயரில்தான். வாங்குவதற்கு முன், “இந்தியாவில் கோயில் விழாவுக்காகத்தான் வாங்குகிறோம், கொண்டுபோவதில் சிக்கல் வருமா?” என்று தம்பி வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, “தாராளமாகக் கொண்டுபோகலாம், பிரச்சினையே இல்லை” என்று விற்பனையாளர் பதில் அனுப்பியிருக்கிறார்.

ஆகஸ்ட் 24 அன்று, கேமராவைத் தாங்கி நிற்கும் கிம்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து துடிப்பதைக் கவனித்த வாசகி, அதைக் கைப்பேசியில் காணொளியாக எடுத்து அக்காவுக்கு அனுப்பினார். செப்டம்பரில் அவருடைய 15 வயது மகன் வீட்டருகே உள்ள பூங்காவில் அதைப் பறக்கவிட்டபோது, தூங்குமூஞ்சி மரக் கிளையில் மோதிக் கீழே விழுந்து ஓர் இறக்கை உடைந்தது. இறக்கையை மாற்றிவிட்டார்கள், ஆனால் கிம்பல் இப்போது அறவே வேலை செய்யவில்லை. கடைக்காரரோ, ‘விற்ற பொருளுக்குப் பணம் திருப்பித் தரப்படாது, 7 நாள்களுக்குள் மட்டும் மாற்றித் தரப்படும்’ என்று ரசீதின் அடியில் உள்ள வரியைக் காட்டி, தயாரிப்பு நிறுவனத்தின் பழுதுபார்ப்பு நிலையத்துக்குப் போகச் சொல்லிவிட்டார். மரத்தில் மோதியதைக் கடையில் இவர்கள் சொல்லவில்லை.

இதற்கிடையில் அக்காவின் கணவர், பழைய பொருள்களை விற்கும் கரோசல் இணையச் சந்தையில் 600 வெள்ளிக்குப் பழைய டிரோன் ஒன்றை வாங்கி, பெட்டியில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே சுற்றி எடுத்துச் சென்றுவிடலாம் என்கிறார். தம்பி மனைவிக்கு விழா முழுவதையும் ஃபேஸ்புக்கில் நேரலையாக ஒளிபரப்ப வேண்டும். பெரியவரோ, “ஈரத் துணியோட நான் நிக்கிறத ஊரே பார்க்கணுமா?” என்று கேட்டுவிட்டு அதன்பின் அதைப் பற்றிப் பேசுவதே இல்லையாம்.

கடைக்காரரிடமிருந்து பணம் கிடைக்குமா, அத்தானின் யோசனை சரிவருமா, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி நேரலையை நிறுத்த முடியுமா என்பவை வாசகியின் கேள்விகள். 30,000 எம்ஏஎச் பவர்பேங்க் இரண்டை விமானத்தில் கொண்டுபோகலாமா என்ற சிறு கேள்வியும் கடிதத்தின் ஓரத்தில் இருக்கிறது.

அன்புள்ள சகோதரி,

கடைக்காரரோடு நடக்கும் தகராற்றுக்குக் கடிதத்தில் நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். இந்தியாவுக்கு டிரோன் கொண்டுபோவது பற்றி இரண்டே வரிகள்தான். நான் அந்த இரண்டு வரிகளிலிருந்து தொடங்குகிறேன். அதற்கான விடை தெரிந்த பிறகு, கடைக்காரரிடம் நீங்கள் எதைக் கேட்க வேண்டும் என்பதே மாறிவிடும்.

டிரோனை இந்தியாவுக்குக் கொண்டுபோக முடியாது

இந்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் 2022 பிப்ரவரி 9 அன்று வெளியிட்ட அறிவிக்கை, வெளிநாட்டில் தயாரான முழு டிரோன்களை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்வதைத் தடை செய்தது. ஆராய்ச்சி, பாதுகாப்பு, காவல் போன்ற சில தேவைகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. குடும்ப விழாவைப் படம்பிடிப்பது அவற்றுள் வராது. ‘சுற்றுலாப் பயணியாகத்தானே போகிறோம், விற்கவா போகிறோம், திரும்பும்போது கையோடு கொண்டுவந்துவிடுவோமே’ என்ற வாதம் பலருக்கும் தோன்றுகிறது. பயணப் பெட்டியில் வருவதையும் சுங்கச் சட்டம் இறக்குமதியாகவே பார்க்கிறது. சிங்கப்பூரில் இது சட்டபூர்வமாக வாங்கிய பொருள், உங்கள் குடும்பத்துக்கு ஊரோடு பல தலைமுறை உறவு, அப்பா பிறந்ததே அந்த மாவட்டத்தில்தான் என்பவை எல்லாம் உண்மையாகவே இருந்தாலும், சென்னை விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரிக்கு அவற்றின் பேரில் அனுமதி தரும் அதிகாரம் இல்லை.

அத்தானின் யோசனையில் சிக்கல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. முதலாவது, புடவைக்குள் சுற்றினாலும் ஊடுகதிர்ப் பரிசோதனையில் டிரோனின் வடிவம் பளிச்சென்று தெரியும். இரண்டாவது, இந்தியச் சுங்கச் சட்டத்தின் 80ஆம் பிரிவு பயணிக்கு ஒரு சலுகை தருகிறது: தடை செய்யப்பட்ட பொருளாக இருந்தாலும், அது தன்னிடம் உள்ளதை உண்மையாக அறிவித்தவர், அதைச் சுங்கத் துறையின் காவலில் வைத்துவிட்டு நாடு திரும்பும்போது பெற்றுக்கொள்ள வேண்டிக் கேட்கலாம். ஒளித்துக் கொண்டுபோனவருக்கு அந்தச் சலுகை கிடையாது. பொருள் பறிமுதலாவதோடு அபராதமும் விதிக்கப்படலாம். சதாபிஷேகத்துக்காகப் போய் இறங்கும் அன்று, 80 வயதுப் பெரியவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு மாப்பிள்ளை சுங்க அதிகாரியின் அறையில் வாக்குமூலம் எழுதிக்கொண்டிருப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். மூன்றாவது, டிரோனின் லித்தியம் பேட்டரிகளைத் தனியே எடுத்துக் கைப்பையில் கொண்டுசெல்ல வேண்டுமே தவிர, சரக்கறைக்குப் போகும் பெட்டியில் போடக் கூடாது. நான்காவதைப் பிறகு சொல்கிறேன். அது கரோசலைப் பற்றியது.

கோயில் பக்கத்தையும் யோசித்துப் பாருங்கள். தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசி பயன்படுத்துவதற்குத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. நடைமுறை கோயிலுக்குக் கோயில் வேறுபடுவதாகக் கேள்விப்படுகிறேன். திருக்கடையூரில் நாள்தோறும் அறுபதாம் கல்யாணமும் சதாபிஷேகமும் நடப்பதால் படம் எடுப்பவர்கள் அங்கே புதியவர்கள் அல்லர். ஆனாலும் எந்த இடத்தில், எந்தக் கருவியால், எதுவரை எடுக்கலாம் என்பதைக் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புரோகிதரோ தங்குவிடுதிக்காரரோ வாய்மொழியாகச் சொல்வதை மட்டும் நம்பிவிட வேண்டாம்.

வானிலிருந்து எடுத்த படம் வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். கோயிலுக்கு வெளியே, நீங்கள் தங்கும் மண்டபத்திலோ தந்தையின் சொந்த ஊரிலோ அதை நிறைவேற்ற, மயிலாடுதுறை, கும்பகோணம் பகுதிகளில் உள்ள ஒளிப்பதிவாளர் ஒருவரை அமர்த்துங்கள். இந்தியாவின் டிரோன் விதிகள் 2021-இன்படி, அவருடைய டிரோனுக்குத் தனி அடையாள எண் இருக்கிறதா, இயக்குபவருக்குத் தொலை விமானிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டு, அந்த எண்களை ஒப்பந்தத் தாளில் எழுதச் சொல்லுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்பவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போங்கள். அதே தாளில், எடுத்த படங்களைத் தம்முடைய யூடியூப் பக்கத்திலோ விளம்பரத்திலோ அவர் போடக் கூடாது என்ற வரியும் இருக்கட்டும். மண்டப விழாக்களின் காணொளியை வாடிக்கையாளரிடம் கேட்காமலே தங்கள் பக்கத்தில் போட்டுவிடும் ஸ்டூடியோக்கள் உண்டு. உங்கள் அப்பாவின் மனத்தாங்கலுக்கும் இதற்கும் தொடர்பிருப்பதால் சொல்கிறேன்.

ரசீதில் உள்ள வரி உங்கள் உரிமையைப் பறிப்பதில்லை

இனிக் கடைக்காரருக்கு வருவோம். ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று எழுதிவிட்டால் சட்டம் அங்கே நின்றுவிடும் என்று நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள். மனம் மாறிப் பொருளைத் திருப்பிக் கொடுக்க நினைப்பவருக்குத்தான் அந்த வரி பொருந்தும். பழுதான பொருளை விற்றவரை அது காப்பாற்றாது. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வணிக) சட்டத்தில் சேர்க்கப்பட்டு 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள, லெமன் சட்டம் என்று எல்லாரும் அழைக்கும் விதிகளை, கடைக்காரர் தம் ரசீதில் ஒரு வரி எழுதி விலக்கிவிட முடியாது. “தயாரிப்பு நிறுவனத்திடம் போங்கள்” என்பதும் முழுப் பதில் ஆகாது. தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் வேறு, விற்றவரிடம் உங்களுக்குள்ள உரிமை வேறு. நீங்கள் ஒப்பந்தம் செய்தது கடையோடுதான்.

அந்த விதிகளின் சாரம் இது. பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் பழுது தெரியவந்தால், கொடுக்கும்போதே அந்தப் பழுது இருந்ததாகச் சட்டம் அனுமானிக்கிறது. இல்லையென்று காட்டும் பொறுப்பு விற்றவருடையது. நீங்கள் ஜூலை 12-இல் வாங்கியதால் ஜனவரி 12 வரை அந்த அனுமானம் உங்கள் பக்கம் நிற்கிறது. அதன் பிறகும் உரிமை கோரலாம், ஆனால் தொடக்கத்திலேயே பழுது இருந்ததை நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும்.

ஆனால், லெமன் சட்டம் என்றதும் உடனே முழுப் பணமும் கைக்கு வந்துவிடும் என்று பலர் நினைப்பது தவறு. முதல் கட்டத்தில் பழுதுபார்த்துத் தரும்படியோ மாற்றித் தரும்படியோதான் கேட்க முடியும். அதை நியாயமான காலத்துக்குள், உங்களுக்குப் பெரிய தொல்லை தராமல், தம் செலவில் கடைக்காரர் செய்யத் தவறினால்தான் விலைக் குறைப்போ பணத்தைத் திரும்பப் பெறுவதோ பேச்சுக்கு வரும். திருப்பித் தரும்போதும், நீங்கள் பயன்படுத்திய அளவுக்கு ஒரு தொகையைக் கழித்துக்கொள்ள இடமுண்டு.

இங்கேதான் கரோசல் வருகிறது. லெமன் சட்டம் பழைய பொருளுக்கும் பொருந்தும் என்பது உண்மையே. ஆனால் விற்பவர் வணிகராக இருக்க வேண்டும். வீட்டில் கிடந்ததை விற்கும் தனிநபரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒரு டிரோனுக்காக அலைந்துகொண்டிருக்கும் குடும்பம், பாதுகாப்பே இல்லாத இன்னொன்றை 600 வெள்ளி கொடுத்து வாங்குவதற்கு நான் எந்தக் காரணத்தையும் காணவில்லை.

உங்கள் கையில் உள்ள வலுவான சான்று

நீங்கள் பெரிதாக எண்ணியிருப்பது ஆகஸ்ட் 24 காணொளியை. அது நல்ல சான்றுதான். மரத்தில் மோதுவதற்கு முன்பே கிம்பல் துடித்தது என்பதை, அக்காவுக்கு அனுப்பிய தேதியோடும் நேரத்தோடும் அது காட்டுகிறது. அந்த உரையாடலை அழிக்காமல், காணொளியின் மூலக் கோப்பையும் உங்கள் கைப்பேசியிலேயே வைத்திருங்கள். திரையைப் படம்பிடித்து வைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம்.

அதைவிட வலுவானதை நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள்: விற்பனையாளரின் வாட்ஸ்அப் பதில். எதற்காக வாங்குகிறோம் என்று உங்கள் தம்பி தெளிவாகக் கேட்டார்; கொண்டுபோகலாம் என்று கடையின் சார்பில் ஒருவர் எழுத்தில் உறுதி சொன்னார்; அதை நம்பி வாங்கினீர்கள்; அது உண்மையல்ல. பயனீட்டாளரைத் தவறாக வழிநடத்தும் கூற்று, மேலே சொன்ன பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வணிக) சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறையாகலாம். பொய்க் கூற்றை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோரும் உரிமை பொதுவான ஒப்பந்தச் சட்டத்திலும் உண்டு. கிம்பல் பழுதை மட்டும் சொன்னால், அவர்கள் அதைச் சரிசெய்து உங்கள் கையில் கொடுத்துவிட்டால் விவகாரம் அதோடு முடிந்துவிடும். திருக்கடையூருக்குக் கொண்டுபோக முடியாத, நன்றாக வேலை செய்யும் டிரோன் ஒன்று உங்களிடம் இருக்கும். தவறான உறுதிமொழியையும் சேர்த்துச் சொன்னால்தான் நேராகப் பணத்தைக் கேட்கும் வழி திறக்கிறது.

எதிர்வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘எங்கள் ஊழியர் வேறு நாட்டுச் சட்டம் குறித்துத் தம் கருத்தைத்தான் சொன்னார், பயணி தாமே விசாரித்திருக்க வேண்டும்’ என்று கடைக்காரர் சொல்லலாம். அதில் ஓரளவு பலம் இருக்கிறது. ஆனாலும் தினமும் டிரோன் விற்பவர், வாங்குபவர் நேரடியாகக் கேட்டதற்கு ‘பிரச்சினையே இல்லை’ என்று எழுதியதை ஒரு நடுவர் எளிதாக ஒதுக்கிவிடுவார் என்று நான் நினைக்கவில்லை. மூன்று மாதம் பயன்படுத்தியதற்காக ஒரு பகுதியைக் கழித்து, மீதியைத் திருப்பித் தரும் சமரசத்தில் இது முடிவதற்கு வாய்ப்பு அதிகம். 1,480 வெள்ளியும் குறையாமல் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

மரத்தில் மோதியதை மறைக்க வேண்டாம்

“மோதியதைச் சொன்னால் வழக்கே போய்விடும், அதனால் வாயைத் திறக்கவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் டிரோனுக்குள் ஒவ்வொரு பறப்பும் பதிவாகிறது: எந்த நாள், எந்த நேரம், எங்கே, எவ்வளவு உயரம், எந்த நொடியில் திடீரென்று கவிழ்ந்தது என்பது வரை. பழுதுபார்ப்பு நிலையத்தில் அதைத் திறந்து படிப்பார்கள். நீங்கள் சொல்லாத மோதல் அவர்கள் வாயிலிருந்து வெளிவந்தால், ஆகஸ்ட் காணொளி உட்பட நீங்கள் சொல்லும் எதையும் நடுவர் நம்பத் தயங்குவார். நீங்களே முதலில் சொன்னால், ‘மோதல் செப்டம்பரில், பழுதோ ஆகஸ்டிலேயே’ என்ற வரிசை உங்களுக்குச் சாதகமாகவே நிற்கும். மோதியதால் பழுது மோசமானது என்று கடைக்காரர் காட்டினால் தொகை குறையலாம். அதை ஏற்கத்தான் வேண்டும்.

இதில் நீங்கள் கவனிக்காத இன்னொரு பக்கம் இருக்கிறது. உங்கள் வீட்டருகே உள்ள பூங்கா, தெங்கா விமானத் தளத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வருகிறது. விமான நிலையத்துக்கும் விமானத் தளத்துக்கும் 5 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் டிரோன் பறக்கவிட, சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். மற்ற இடங்களிலும் கடல் மட்டத்திலிருந்து 200 அடிக்கு மேல் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. இந்த இரண்டு விதிகளுக்கும் டிரோனின் எடை ஒரு பொருட்டல்ல. பூங்காக்களில் தேசியப் பூங்காக் கழகத்தின் விதிகளும் சேர்ந்துகொள்ளும். நம் தீவின் பரப்பில் தெங்கா, செம்பவாங், பாய லேபார், சாங்கி, சிலேத்தார் என்று ஐந்து வட்டங்கள் போட்டுப் பார்த்தால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்புப் பேட்டைகளில் எத்தனை மிஞ்சும் என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம். பறக்கவிடக் கூடிய இடங்களை ஒன்மேப் வரைபடத்தில் பார்க்க முடியும்.

பெட்டியின்மேல் 249 கிராம் என்று போட்டிருப்பதால் பதிவும் தேவையில்லை என்று கடையில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோன்களைப் பதிவு செய்வது 2020 ஜனவரி முதல் இங்கே கட்டாயம். அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் மாதம் சாங்கியில் டிரோன்களால் விமானச் சேவை தடைபட்டது பலருக்கும் நினைவிருக்கும். நீங்கள் வாங்கிய தொகுப்பில் ‘நீண்ட நேரம் பறக்கும்’ பெரிய பேட்டரிகள் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அவற்றுள் ஒன்றைப் பொருத்தி, சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். இத்தகைய மாதிரிகள் பெரிய பேட்டரியோடு 250 கிராமைத் தாண்டிவிடுவது வழக்கம். தாண்டினால் பதிவு வேண்டும். பதிவு செய்பவருக்குக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு 15.

ஆகவே பறப்புப் பதிவைச் சான்றாகக் கொடுக்கும்போது, எங்கே பறக்கவிட்டோம் என்பதும் அதோடு வெளியே வரும். பதிவை அழிப்பது மிகத் தவறான யோசனை; அதை நினைக்கவே வேண்டாம். அதைத் தாக்கல் செய்வதற்கு முன், சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு நேரம் பதிந்து, ஒரு வழக்கறிஞரை நேரில் பார்த்துப் பேசிவிடுங்கள். பத்தியில் எழுதித் தீர்க்கக் கூடிய விஷயம் அல்ல இது. அதுவரை டிரோன் பெட்டியிலேயே இருக்கட்டும். மகனைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. வாங்கிக் கொடுத்த பெரியவர்கள் மூவரில் ஒருவராவது விதிகளைப் படித்திருக்க வேண்டும்.

எப்படிக் கேட்பது

இந்த வாரத்துக்குள் கடைக்காரருக்கு உங்கள் தம்பி ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பட்டும். ரசீது அவர் பெயரில் இருப்பதால், நீங்கள் மூவரும் பணம் போட்டிருந்தாலும் ஒப்பந்தக்காரர் அவர்தான்; நீங்கள் எழுதினால், ‘உங்களுக்கு நாங்கள் எதையும் விற்கவில்லை’ என்ற பதில் வரலாம். வாங்கிய நாள், பழுது தெரிந்த நாள், மோதிய நாள், விற்பனையாளரின் வாட்ஸ்அப் வாசகம் ஆகிய நான்கையும் கோபமில்லாமல் வரிசையாக எழுதி, 14 நாள்களில் பதில் வேண்டும் என்று முடித்தால் போதும். வலைத்தளத்தில் கடையைத் திட்டி எழுதப்போவதாக மிரட்ட வேண்டாம். அது உங்கள் மேல் வேறு வழக்கைக் கொண்டுவரலாம்.

பதில் வராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் ஆலோசனை கேட்கலாம், அல்லது நேராகச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அந்த மன்றம் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைக்குப் பயனீட்டாளர் செலுத்தும் கட்டணம் 10 வெள்ளிதான். விண்ணப்பம் இணையத்திலேயே நடக்கிறது. வழக்கறிஞர்கள் அங்கே வாதாட முடியாது என்பதால் கடைக்காரரும் தாமேதான் வந்து பேச வேண்டும். தொழில்முறையில் எனக்கு இதில் வருமானம் இல்லையென்றாலும், சாமானியருக்கு இது நல்ல ஏற்பாடு. உரிமை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது காலவரம்பு. உங்களுக்கு அவகாசம் இருக்கிறது, ஆனாலும் பயணத்துக்கு முன்பே எழுதிவிடுவது நல்லது; திரும்பி வரும்போது ஜனவரி நெருங்கிவிடும். தம்பியின் வங்கியிடம் கடன் அட்டைப் பரிவர்த்தனை குறித்து முறையிடவும் வழியுண்டு. வங்கிகள் அதற்கு வைக்கும் கெடு குறுகியது என்பதால், உடனே தொலைபேசியில் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

பவர்பேங்க்

கணக்கு எளிது. எம்ஏஎச் அளவை 3.7 வோல்ட்டால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் வாட்-மணி கிடைக்கும். உங்கள் 30,000 எம்ஏஎச் பவர்பேங்க் 111 வாட்-மணி. 100 வரை பொதுவாக அனுமதி தேவையில்லை. 100-இலிருந்து 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் ஏற்ற மாட்டார்கள். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-மணிதான், அதை வாங்கிக்கொள்ளுங்கள். எதுவானாலும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல், விமானத்துக்குள் பவர்பேங்கைக் கொண்டு மின்னேற்றுவதையும் பவர்பேங்குக்கு மின்னேற்றுவதையும் தடை செய்திருக்கின்றன. இந்த விதிகள் தொடர்ந்து இறுகிவருவதால், புறப்படும் வாரத்தில் உங்கள் விமான நிறுவனத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நேரலை

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே உதவாது. தனிப்பட்ட முறையிலோ குடும்பத்தளவிலோ செயல்படும் ஒருவருக்கு அது கடமை எதையும் விதிப்பதில்லை, நிறுவனங்களுக்குத்தான் விதிக்கிறது. தொல்லைக்கெதிரான பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று யாராவது சொல்லக்கூடும். மாமனாரின் விழாவை மகிழ்ச்சியோடு பகிர நினைக்கும் மருமகள்மேல் அதை ஏவுவது சட்டப்படியும் நிற்காது, குடும்பத்துக்கும் அடுக்காது. இதில் நீங்கள் வழக்கறிஞரைத் தேடி வந்திருக்க வேண்டியதில்லை.

ஆனாலும் உங்கள் கடிதத்தில் உள்ள ஒரு செய்தி எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெரியவரின் தங்கை ஈசூனில் தாதிமை இல்லத்தில் இருக்கிறார், பயணம் செய்ய முடியாது, அண்ணனின் விழாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார், தம்பி மனைவிக்கு இந்த யோசனை வந்ததே அதனால்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் அப்பாவுக்கும் தம்பி மனைவிக்கும் இடையே முரண்பாடு அதிகம் இல்லை. அப்பா மறுப்பது கலச நீர் ஊற்றும்போது ஈரத் துணியோடு நிற்கும் காட்சியை முகம் தெரியாதவர்கள் பார்ப்பதைத்தான். ஃபேஸ்புக்கை விட்டுவிட்டு, அழைக்கப்பட்டவர்கள் மட்டும் சேரக்கூடிய காணொளி அழைப்பு ஒன்றை ஏற்பாடு செய்யுங்கள். சங்கல்பம், மாங்கல்ய தாரணம், பிள்ளைகள் காலில் விழுந்து ஆசி பெறுவது ஆகியவற்றை அதில் காட்டலாம். அபிஷேக நேரத்தில் கேமராவைத் திருப்பிவிடலாம். கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லையென்றால், மண்டபத்துக்கு வந்தபின் நடப்பவற்றை மட்டும் காட்டலாம். இல்லத்தின் தாதியிடம் முன்னதாகப் பேசி, சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி முன்னால் இருப்பதைக் கணக்கிட்டு, அந்த நேரத்தில் அத்தையின் கட்டிலருகே கைத்திரைக் கணினி ஒன்றை வைக்கச் சொல்லுங்கள்.

எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதைத் தம்பி மனைவியே அப்பாவிடம் நேரில் கேட்கட்டும். நீங்கள் இடையில் நின்று சொல்வதைவிட அவரே கேட்டால் பெரியவர் பேசுவார் என்று நினைக்கிறேன்.